வெளிநாட்டில் டாக்டர் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் வாருங்கள்." வெளிநாட்டில் வாழும் பலருக்கு இது மனப்பாடம். மருத்துவமனை மொழிபெயர்ப்பாளராக நான் பலருக்குத் துணையாக டாக்டர் அறைக்குள் போய் வருகிறேன். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் நின்று அவர்கள் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு என்ன நோய் என்று இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் சொல்வது அந்த அறையில் எடுபட வேண்டும், அதற்காக எழுதியது இது.

டாக்டர் நிஜமாகவே அலட்சியம் செய்கிறாரா, இல்லை இந்த நாட்டு முறையே இப்படித்தானா?

இரண்டும் உண்டு. எது எது என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் தேவையில்லாத கோபம் பாதி குறையும், தேவையான கோபத்துக்குத் தெம்பும் மிஞ்சும்.

பிரிட்டன், நெதர்லாந்து, நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் முதலில் குடும்ப மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அவர் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். ஆஸ்திரேலியாவில் ஸ்பெஷலிஸ்ட் கட்டணத்தில் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரும் பங்கு கிடைக்கவும் ரெஃபரல் தேவை. இங்கிலாந்தில் ஒரு ஜிபி (குடும்ப மருத்துவர்) சந்திப்பு வழக்கமாக 10 நிமிடம்தான். அந்த 10 நிமிடத்துக்குள் கேட்டு, பரிசோதித்து, கணினியிலும் தட்டச்சு செய்தாக வேண்டும். முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசுவது மனதை நோகடிக்கும்தான், ஆனால் அதை மட்டும் வைத்து அலட்சியம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

சளி இருமலுக்கு ஆன்டிபயாடிக் தராததும் அப்படித்தான். பெரும்பாலான தொண்டை வலியும் இருமலும் வைரஸால் வருகின்றன, அதற்கு ஆன்டிபயாடிக் எடுபடாது. சாதாரண இருமலே மூன்று வாரம் வரை இழுக்கும். முதுகுவலி என்று போனால், ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதவரை முதல் ஆறு வாரத்துக்கு ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்களும் சொல்வது. இந்த விஷயத்தில் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார்.

அப்படியானால் அலட்சியம் எது? வலிக்கிற இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்புவது. நீங்கள் பாதி சொல்லும்போதே முடிவுக்கு வந்துவிடுவது. மூன்றாவது தடவை, அதுவும் நிலைமை மோசமாகிப் போகும்போதும், அதே பதிலைச் சொல்வது. எந்த நிலையில் திரும்பி வர வேண்டும் என்று சொல்லாமலே கதவைக் காட்டுவது. இதில் ஒன்று நடந்தாலே உங்கள் கோபம் நியாயமானது.

10 நிமிடத்தில் நான் என்ன சொல்ல வேண்டும்?

உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். "ரொம்ப நாளா வயிறு வலிக்குது டாக்டர், தாங்க முடியலை" என்று சொன்னால் டாக்டர் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆறு வாரமாக வலி. வலது பக்கம், விலாவுக்குக் கீழே. கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கிறது. முதுகுப் பக்கம் போகிறது. இரவில் தூக்கத்தைக் கலைக்கிறது. இரண்டு தடவை வாந்தி. இந்த மாதம் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை." அரை நிமிடம்தான் ஆகும். பித்தப்பையை நினைக்காமல் இதை ஒரு டாக்டர் கடந்து போவது கடினம்.

எப்போது தொடங்கியது, எங்கே, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, அன்றாட வாழ்க்கையில் எதைச் செய்ய முடியவில்லை. இதில் கடைசிக் கேள்விதான் அதிகம் எடுபடும். வலி 10-க்கு 8 என்பதைவிட "மாடிப்படி பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது", "குழந்தையைத் தூக்க முடியவில்லை" என்பது டாக்டரை உடனே தொடும். தொலைபேசியிலோ தாளிலோ எழுதிக்கொண்டு போங்கள், அதைப் பார்த்தே வாசியுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

முக்கியமான பிரச்சினையை முதலில் சொல்லுங்கள். மரியாதை கருதியோ கூச்சத்திலோ முழங்கால் வலியில் ஆரம்பித்து, கிளம்பும்போது கதவருகே நின்று "அப்புறம், இரண்டு மாதமா மலத்தில் ரத்தம் போகுது" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

இன்னொன்று. உள்ளே நுழைந்ததும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்பார். சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கேன்" என்போம். நம் வளர்ப்பு அப்படி. பெரியவர்கள் வலியில் துடித்தாலும் டாக்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து புன்னகைப்பார்கள். அந்தப் புன்னகையும் குறிப்பில் ஏறும்: நோயாளி நன்றாகத் தெரிகிறார், சிரமம் எதுவும் இல்லை. மரியாதையாக இருங்கள், வலியை மட்டும் மறைக்காதீர்கள்.

எதைச் சொன்னாலும் "ஸ்ட்ரெஸ்" என்கிறார். என்ன பதில் சொல்வது?

வெளிநாட்டு வாழ்க்கையில் மன அழுத்தம் இல்லாதவர் யார்? அதனால் அந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்திவிடுகிறது. அதில்தான் ஆபத்தே. மன அழுத்தம் உடலில் வலியாகவும் படபடப்பாகவும் வரும் என்பது உண்மை, அதை மறுத்துச் சண்டை போட வேண்டாம். சண்டை போட்டால் "பதற்றமான நோயாளி" என்ற பெயர்தான் மிஞ்சும்.

இப்படிக் கேளுங்கள்: "இருக்கலாம் டாக்டர். ஆனால் வேறு எதுவும் இல்லை என்று எந்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்தீர்கள்?" தொடர்ந்த சோர்வுக்கு ரத்த எண்ணிக்கை, இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது, இவை எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். கறுத்த தோலும் வெயில் குறைந்த வட நாட்டு வாழ்க்கையும் சேர்ந்தால் வைட்டமின் டி குறைய வாய்ப்பு அதிகம். அதையும் கேட்டுப் பாருங்கள்.

என் உடல்வாகையும் தோல் நிறத்தையும் மனதில் வைத்துப் பார்க்கிறார்களா?

பல நேரம் இல்லை. இதை டாக்டரிடம் நேராகவே சொல்லலாம், குற்றச்சாட்டு தொனி வேண்டாம்.

தெற்காசியர்களுக்கு உடல் எடை குறைவாக இருக்கும்போதே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். பொதுவாக பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு) 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பார்கள். ஆனால் ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. பிரிட்டனின் வழிகாட்டுதலும் தெற்காசியர்களுக்கு அதிக எடைக்கு 23, உடல் பருமனுக்கு 27.5 என்ற எல்லைகளைத்தான் வைக்கிறது. "நீங்கள் ஒல்லியாகத்தானே இருக்கிறீர்கள், சர்க்கரை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது ரத்தசோகை. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவை அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிறியதாக இருக்கும், ஹீமோகுளோபினும் கொஞ்சம் குறைவாக இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு போலவே தெரியும். நம் பகுதியிலிருந்து போகிறவர்களிடம் இது அபூர்வம் இல்லை. ஃபெரிட்டின் பார்க்காமலே வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் தம்பதிக்கு இது இன்னும் முக்கியம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் தோல் நிறத்தால் ஏமாறும். 2020-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தோல் தடிப்பும் அப்படித்தான். "சிவந்திருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்பார்கள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, ஊதாவாகவோ சாம்பலாகவோ மேலும் கறுத்தோ தெரியும். "என் தோலில் சிவப்பு தெரியாது, ஆனால் இந்த இடம் சூடாக, தடித்து இருக்கிறது" என்று சொல்லுங்கள்.

அந்த நாட்டு மொழி எனக்குச் சரளமாக வராது. பிள்ளையை அழைத்துப் போகலாமா?

வேண்டாம். அம்மாவின் மாதவிடாய் பற்றியும் அப்பாவின் சிறுநீர் பற்றியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பது அந்தப் பிள்ளைக்கும் பாரம், தகவலுக்கும் கேடு. கணவர் பேசினாலும் சிக்கல் உண்டு. மனைவி ஐந்து நிமிடம் சொன்னதை அவர் "வயிற்று வலி, அவ்வளவுதான்" என்று சுருக்கிவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, டாக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற நினைப்பு. ஆனால் சுருங்கிப் போகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் நோயின் தடயம் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் பல நாடுகளில் உங்கள் உரிமை. அமெரிக்காவில் 2010-ன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆவது பிரிவின்படி, மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியான மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே ஆள் கூட்டி வாருங்கள் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இலும் இலவசம்தான். ஆஸ்திரேலியாவில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 131 450 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கும். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே பொது இன்சூரன்ஸ் பேச்சுமொழிபெயர்ப்புக்குப் பொதுவாகப் பணம் தராது, அதனால் முன்கூட்டியே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி வையுங்கள், கூடவே நீண்ட நேரச் சந்திப்பும் கேளுங்கள். மொழிபெயர்த்துப் பேச இரட்டிப்பு நேரம் ஆகும். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேசுங்கள்.

பரிசோதனையோ ரெஃபரலோ தர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

மற்ற பதில்கள் மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும். அறையில் பேசியது காற்றோடு போய்விடும், குறிப்பில் ஏறியது நிற்கும். அடுத்து உங்களைப் பார்க்கும் டாக்டரும், புகாரை விசாரிப்பவரும், இன்சூரன்ஸ்காரரும் அந்தக் குறிப்பைத்தான் படிப்பார்கள்.

குரலை உயர்த்தாமல் வரிசையாகக் கேளுங்கள். "இது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்கலாம்? அது இல்லை என்று எப்படித் தெரியும்?" பதில் வந்தும் திருப்தி இல்லையென்றால்: "நான் இந்தப் பரிசோதனையைக் கேட்டேன், நீங்கள் இப்போது தேவையில்லை என்று முடிவு செய்தீர்கள், அதற்கான காரணம் என்ன என்று என் குறிப்பில் எழுதிவிடுங்கள்." மிரட்டலாக ஒலிக்காமல் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். காரணத்தை எழுத உட்காரும்போது பல டாக்டர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள். சிலர் அங்கேயே மனம் மாறி ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்ததும் உண்டு. மாறாவிட்டாலும் நஷ்டமில்லை, நீங்கள் கேட்டது பதிவாகிவிட்டது.

எழுந்திருக்கும் முன் கடைசியாக ஒன்று கேளுங்கள்: "எந்த அறிகுறி வந்தால், எத்தனை நாளில், எங்கே நான் திரும்ப வர வேண்டும்?" பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள் வந்ததும் "சும்மா பொறுத்துப் பார்ப்போம்" என்று இன்னும் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர் சொன்ன கெடுவில் திரும்பிப் போவது உங்கள் வாதத்துக்கு வலு.

வெளியே வந்ததும், கிளினிக்கின் இணையச் செயலியில் நான்கு வரி அனுப்பி வைப்பதும் நல்ல பழக்கம்: இன்று இதற்காக வந்தேன், இப்படிச் சொன்னீர்கள், இந்த அறிகுறி வந்தால் திரும்ப வரச் சொன்னீர்கள். அதுவும் கோப்பில் சேர்ந்துவிடும்.

ஒரே பிரச்சினைக்காக எத்தனை தடவை போவது? தொல்லை என்று நினைக்க மாட்டார்களா?

நினைத்தால் நினைக்கட்டும். இங்கிலாந்தில் ஜெசிகா பிரேடி என்ற பெண் 27 வயதில், 2020 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முந்தைய சில மாதங்களில் அவர் ஜிபியை 20 தடவை வரை நாடியிருந்தார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 2025 செப்டம்பரில் அவர் பெயரிலேயே ஜெஸ் விதி வந்தது. ஒரே அறிகுறியோடு ஒருவர் மூன்று தடவை வந்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், அல்லது அறிகுறி மோசமாகிக்கொண்டே போனால், டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஜெசிகா அந்த நாட்டுக்காரர், மொழிப் பிரச்சினையும் இல்லாதவர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்த விதி இல்லாத நாட்டிலும் இதே எண்ணிக்கையைப் பயன்படுத்தலாம். "இது மூன்றாவது தடவை டாக்டர், குறையவில்லை, கூடியிருக்கிறது" என்று பேச்சைத் தொடங்குங்கள்.

மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நிலைமை மோசமாகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. யாரிடம் போவது?

முதலில் நர்ஸ், அப்புறம் வார்டு பொறுப்பாளர், அதற்கு மேல் மூத்த டாக்டர். "நேற்று இருந்தபடி இவர் இல்லை" என்பதைச் சொல்ல நீங்கள் மருத்துவம் படித்திருக்க வேண்டாம். வீட்டு ஆளுக்குத்தான் அந்த வித்தியாசம் முதலில் தெரியும்.

சில இடங்களில் இதற்கென்றே வழி இருக்கிறது. லண்டனில் 13 வயது மார்த்தா மில்ஸ் 2021-ல் செப்சிஸால் (தொற்று முற்றி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது எடுபடவில்லை. முன்பே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை அதிகாரி பின்னர் கூறினார். இப்போது இங்கிலாந்து மருத்துவமனைகளில் மார்த்தா விதி 2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குடும்பத்தினரே இன்னொரு தீவிர சிகிச்சைக் குழுவை அழைத்து உடனே பார்க்கச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரயன் விதி என்று இதே போன்றது அதற்கு முன்பே உண்டு. 2007-ல் இறந்த ரயன் சாண்டர்ஸ் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையின் பெயர் அது. வார்டுச் சுவரில் இதற்கான தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். சேர்த்த அன்றே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் வலியை "பெண்களுக்கு இது சகஜம்" என்று ஒதுக்குகிறார்கள். நிஜமாகவே சகஜம்தானா?

மாத்திரைக்கு அடங்காத, வேலைக்கோ கல்லூரிக்கோ போக விடாத, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வரும் வலி சகஜம் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) நோய் குழந்தைப்பேறு வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேரை, உலகளவில் 19 கோடிப் பேரை, பாதிக்கிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இவ்வளவு பரவலான நோயைக் கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆகின்றன. "ஸ்கேன் நார்மலாக இருக்கிறது, அதனால் ஒன்றும் இல்லை" என்று அனுப்பினால் ஏற்காதீர்கள். சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் அது இருக்கும். நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று எப்படி உறுதி செய்தீர்கள்?" மூன்று மாதத்துக்கு வலி நாட்களையும் அன்று செய்ய முடியாமல் போனதையும் குறித்துக்கொண்டு போங்கள்.

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனையின்போது துணைக்கு ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பாதியை மறைப்பதைவிட இது நல்லது.

என் மருத்துவக் குறிப்புகளை நானே வாங்க முடியுமா?

முடியும், வாங்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், முதல் பிரதி இலவசம். அமெரிக்காவில் 2021 முதல் டாக்டர் எழுதும் குறிப்பையே பெரும்பாலும் இணையத்தில் உடனே பார்க்கலாம். தவறான தகவல் இருந்தால் திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சொல்லாததைச் சொன்னதாகவோ, சொன்னதை விட்டுவிட்டோ எழுதியிருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

தாய்நாட்டில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் கேட்டுக்கொள்கிறேன். போதாதா?

ஆறுதலுக்கும் இரண்டாவது கருத்துக்கும் நல்லது. ஆனால் அவர் எழுதும் சீட்டு பெரும்பாலும் எல்லை தாண்டி மருந்துக்கடையில் செல்லாது, தொட்டுப் பார்க்கவும் அவரால் முடியாது. விடுமுறையில் போய் எல்லாப் பரிசோதனையும் எடுத்து வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கட்டுக்கட்டாக ரிப்போர்ட்டை மேசையில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே பக்கத்தில் சுருக்கம் கேட்டு வாங்குங்கள். மருந்துகளின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது, மூலப்பெயரும் அளவும் இருக்க வேண்டும். ஸ்கேன் என்றால் ரிப்போர்ட்டோடு படங்களும் வேண்டும். டிரமடால் போன்ற சில மருந்துகளைச் சில நாடுகளுக்குள் அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? டாக்டர் பழி வாங்குவாரா?

இந்தப் பயத்தால்தான் நம்மவர்கள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. சட்டப்படி தங்கியிருப்பவர் மருத்துவ சேவை பற்றிக் கொடுக்கும் புகார் குடியேற்ற விவகாரமே ஆகாது. புகார் கொடுத்த ஒரே காரணத்துக்காக நோயாளியைக் கைவிடக் கூடாது என்று பிரிட்டனில் டாக்டர்களுக்கான ஒழுங்கு நெறியே சொல்கிறது.

முதலில் கிளினிக் நிர்வாகிக்கு எழுதுங்கள். இங்கிலாந்தில் மருத்துவமனைப் பிரச்சினைக்கு 'பால்ஸ்' என்ற உதவிப் பிரிவு இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் புகார்களைத் தனித்து விசாரிக்கும் சுகாதார ஒம்புட்ஸ்மன். பொதுவாக 12 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளி ஆலோசகரைக் கேளுங்கள். "டாக்டர் மோசமானவர்" என்று எழுதினால் ஓரம் கட்டிவிடுவார்கள். தேதி, சொன்னது, செய்யாதது, அதனால் வந்த விளைவு, உங்களுக்கு இப்போது என்ன வேண்டும், இதை மட்டும் எழுதுங்கள்.

எப்போது அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கவே கூடாது?

நெஞ்சு வலி அல்லது இறுக்கம் (பெண்களுக்கு அது தாடை, முதுகு வலியாகவோ குமட்டல், அசாத்தியச் சோர்வாகவோ மட்டும் வரலாம்). முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சுக் குழறுவது. இடி விழுந்தது போல் திடீர்த் தலைவலி. மூச்சுத் திணறல். முதுகுவலியோடு சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். இவற்றுக்கு உடனே அவசர எண்ணை அழையுங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் நாளை வரை பொறுக்க முடியாது என்றால் பிரிட்டனில் 111, ஜெர்மனியில் 116117.

டாக்டரை மாற்றப் போகிறேன். பழைய டாக்டர் செய்ததை எல்லாம் புதியவரிடம் சொல்லலாமா?

நடந்ததைச் சொல்லுங்கள், உங்கள் கோபத்தை வேறு யாரிடமாவது கொட்டிவிட்டுப் போங்கள். புதியவருக்கும் அதே 10 நிமிடம்தான். அதில் ஐந்து நிமிடம் பழைய டாக்டரைத் திட்டுவதில் போனால் மிச்சத்தில் உங்கள் வயிற்றைப் பற்றி என்ன பேசுவது? "எட்டு மாதமாக இந்தப் பிரச்சினை, மூன்று தடவை காட்டினேன், இந்த இரண்டு பரிசோதனைகள் செய்தார்கள், இது செய்யவில்லை, இதோ குறிப்புகள்" என்று ஆரம்பியுங்கள். ஒரே கிளினிக்கிலேயே வேறு டாக்டரைக் கேட்கவும் பல இடங்களில் வழி உண்டு, அதனால் முகவரி மாற்றிப் புதிதாகப் பதிவு செய்யும் அலைச்சலுக்கு முன் வரவேற்பறையில் அதைக் கேட்டுப் பாருங்கள். வேறு இடத்துக்கே போவதென்றால், புதிய இடத்தில் பதிவு உறுதியாகும் வரை பழைய பதிவை விட்டுவிடாதீர்கள், தினமும் சாப்பிடும் மருந்து ஒரு மாதத்துக்காவது கையில் இருக்கும்படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.